கித்தான் கூரையில் மஞ்சள்

அக்டோபர் 9, திங்கள்

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இனி நடப்பதை நடந்தபடி, தேதி போட்டு எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது "சென்னியப்பன் பொறாமையில் பேசுகிறான்" என்று சொன்னால், எடுத்துக் காட்ட என்னிடமும் ஏதாவது இருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். கோயமுத்தூரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு குழு நடத்துகிறார்கள். மாதம் ஒருமுறை நான்கு பக்க இதழ் அச்சடித்து உறுப்பினர்களுக்கு அனுப்புவார்கள். அதன் கடைசிப் பக்கத்தில் 'கிரீஸ் பட்ட கை' என்று கார் பராமரிப்புக் கட்டுரை வரும். மேலே, மீசையை முறுக்கிக்கொண்டு சிரிக்கும் ஒருவரின் படம். கீழே பெயர், தெய்வசிகாமணி. அவர் என் அண்ணன். இதழ் கைக்கு வந்ததும் எல்லாரும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவார்களாம்.

திருப்பட்டும். அதில் உள்ள சரக்கு யாருடையது? துரு ஏன் பிடிக்கிறது, பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூப்பது ஏன், பெயின்ட்டை மண்ணெண்ணெய் போட்டு ஏன் துடைக்கக் கூடாது, எல்லாம் நான் எழுதிக் கொடுத்தது. நான் துணித் தொழில்நுட்பம் படித்தவன். ஒரு மில்லின் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைவனாக இருந்தவன். (அந்த மில் என்னை வீட்டுக்கு அனுப்பிய விதம் தனிக் கதை. அதற்கும் ஒரு நாள் வரும்.) அண்ணன் ஃபோனில் கேட்பார்: "ஏண்டா டெஸ்டிங்கு, இது என்னடா இப்படிப் பூக்குது?" நான் இரண்டு பக்கம் எழுதி அனுப்புவேன். அவர் அதைப் பாதியாக வெட்டி, நாலு நக்கல் சேர்த்து, தன் பெயரில் போட்டுக்கொள்வார். அதில் எனக்குக் கிடைத்த இடம் இந்த மாதிரி வரிகளில்தான்: "நம்ம டெஸ்டிங்கு ஒருத்தன் இருக்கான். மழை பேஞ்சாக்கூட அது தண்ணிதானான்னு சோதிச்சுப் பாத்துட்டுத்தான் குடையை விரிப்பான்." ஊரே சிரித்தது. என் பெயர்கூட வந்ததில்லை. டெஸ்டிங்கு, அவ்வளவுதான்.

இப்போது அவருடைய ஹெரால்டு என் ஷெட்டில் நிற்கிறது. கூரையை மடக்கித் திறக்கிற கார். அவருக்கு ஆடியில் உடம்புக்குக் கொஞ்சம் முடியாமல் போனது. இதே ஊரில் ராமநாதபுரத்தில் இருக்கும் அவர் வீட்டு வாசலில் நின்றால் அதைப் பார்த்துப் பார்த்து மருகுகிறார் என்று அண்ணி இங்கே அனுப்பிவிட்டார். என் கார் தெருவில் நின்று காக்காய் எச்சத்தில் நனைகிறது. கேட்பாரில்லை.

அக்டோபர் 11, புதன்

இன்று உறையை எடுத்துப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

கூரை கித்தான் துணி. வெளியே பருத்திக் கித்தான், உள்ளே மெல்லிய துணி, நடுவில் ரப்பர் படலம். இளம் தந்த நிறம். ஊரில் எல்லாரும் ரெக்சின் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், கித்தான்தான் மூச்சு விடும், சுருங்காது, வெயிலில் வெடிக்காது என்று சொல்லி, மாதிரித் துண்டுகளை வாரக்கணக்கில் வெயிலிலும் தண்ணீரிலும் போட்டுச் சோதித்துத் தேர்ந்தெடுத்தவன் நான். 'கிரீஸ் பட்ட கை'யில் வந்தது என்ன? "நானே தேடிப் புடிச்ச துணிங்க."

அந்தத் துணியின் இன்றைய நிலை: மடிப்புகளில் கறுப்புப் பூஞ்சை. தையல் ஓரங்களில் மண். பின்பக்கம் புறா எச்சம் காய்ந்து காரையாகி நிற்கிறது. ஆடியிலிருந்து யாரும் தொடவில்லை. ஒருவர் படுத்தால் ஒரு வீடே படுத்துவிடுமா? கார் துடைக்கக் கையில் பிரஷ் பிடிக்க முடியாதா?

(பிடிக்க முடியாதுதான். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.)

அக்டோபர் 14, சனி

இதழின் ஆசிரியர் லூர்துசாமி ஃபோன் செய்தார். ஓய்வுபெற்ற அச்சகக்காரர். எல்லாவற்றையும் சுற்றி வளைத்துத்தான் சொல்வார்.

"ஏனுங் சார், சௌக்கியமுங்களா? அண்ணங்கிட்ட இருந்து ரெண்டு மாசமாக் கட்டுரையே காணமுங்க. பழசை எடுத்துப் போட்டு ஒப்பேத்தீட்டு இருக்கறனுங்க."

"அவருக்கு உடம்பு சரியில்லீங்க."

"கேள்விப்பட்டனுங்க. கையி சரியாயிருச்சுங்களா?"

"ஆயிரும்" என்றேன்.

"ஆகட்டுமுங்க, ஆகட்டும். ஆனாப் பாருங்க, தீபாவளி இதழு. கடைசிப் பக்கம் காலியா விட்டா ஆளுக இதழையே பிரிக்க மாட்டாங்க. கமிட்டியில பேசுனமுங்க. இனிமேல் அந்தப் பக்கத்தை உங்களையே எழுதச் சொல்லலாமுன்னு. உங்க பேருலயே. உங்க போட்டோ ஒண்ணு குடுத்துருங்க."

நான் ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

"விசயமெல்லாம் உங்க கையிலதான் இருக்குதுன்னு எங்களுக்கும் தெரியாமலா இருக்குதுங்க?"

தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது. ஒருவர்கூட வாயைத் திறந்ததில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

ஒத்துக்கொண்டேன். ஏன் ஒத்துக்கொள்ளக் கூடாது?

ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்தேன். "கொஞ்சம் சிரிங்க சார்" என்றான். இதுதான் சிரிப்பு என்றேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

முதல் கட்டுரைக்குப் பொருளைத் தேட வேண்டியதில்லை, ஷெட்டிலேயே நிற்கிறது: துணிக் கூரையைச் சுத்தம் செய்து காப்பது எப்படி. அண்ணன் இந்தப் பொருளைத் தொட்டதே இல்லை. அவர் செய்தது, நனைந்த கூரையை அப்படியே மடக்கி வைத்துவிட்டு, பூஞ்சை பிடித்ததும் எனக்கு ஃபோன் செய்தது.

வெயில் இருந்ததால் காலையிலேயே தொடங்கினேன். முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டல். பாவு, அதாவது நெடுக்கு நூல், போகும் திசையிலேயே தட்ட வேண்டும். குறுக்கே தேய்த்தால் மண் நூலுக்குள் இறங்கி ரம்பம் போல அறுக்கும். எச்சத்தை யாரும் சுரண்டக் கூடாது. ஈரத் துணியை அதன் மேல் போட்டு ஊற விட்டால் தானாகவே எழுந்து வரும். பிறகு கூரை முழுவதையும் நனைத்து, காரம் இல்லாத திரவ சோப்பைக் கொஞ்சமாகக் கரைத்து, மென்மையான பிரஷ்ஷால் சிறு சிறு பகுதியாகத் தேய்க்க வேண்டும். பிறகு தண்ணீர். நுரை போன பிறகும் தண்ணீர். துணியில் சோப்பு தங்கிவிட்டால் அதுவே மழையை உள்ளே அழைக்கும். துணி துவைக்கிற சோப்புக் கட்டியைக் கூரைப் பக்கம் கொண்டுவரவே கூடாது. இதைக் கட்டுரையில் தடித்த எழுத்தில் போடச் சொல்லப் போகிறேன்.

எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார். "ஷாம்பு போட்டுப் பைப்பைத் திருப்பி விட்டா ஆச்சுங்களே, எதுக்கு இத்தனை பாடு?" என்றார். அவர் தலைக்கு அப்படித்தான் செய்திருப்பார் போலிருக்கிறது. மிச்சம் இருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது.

சாயங்காலம் அண்ணி ஃபோன் செய்தார். என் மனைவி சரோஜினி அவருக்குத் தகவல் சொல்லியிருக்கிறாள்.

"தம்பி, காரைக் கழுவுனீங்களாமா? சரோஜினி சொன்னா. அவரும் கேட்டாருங்க."

"கேட்டாருன்னா? வாயத் திறந்தா?"

"வாசல் பக்கமாக் கையக் காட்டுனாருங்க. இடது கைய."

"சரிங்க அண்ணி. காயணும். காஞ்சாத்தான் மத்த வேலை."

"ஒரு எட்டு வந்துட்டுப் போங்க தம்பி. ஆசுபத்திரியில பாத்ததோட சரி."

வேலை இருக்கிறது என்றேன். இருக்கிறதே. முதலில் "யாரும் வர வேண்டாம், இந்த வாயை யாரும் பார்க்க வேண்டாம்" என்கிற மாதிரி கையை ஆட்டி விரட்டியவர் அவர்தான். அழைத்த நேரத்துக்கெல்லாம் ஓடி வர நான் என்ன அவர் வீட்டு டிரைவரா?

அக்டோபர் 19, வியாழன்

மழை. துணி காயவில்லை. ஷெட்டில் இரண்டு மின்விசிறி.

அக்டோபர் 20, வெள்ளி

மழை. சரோஜினி, வீட்டுக்குள் ஒரு மின்விசிறிகூட இல்லையென்று சொன்னாள். துணியா நாமா என்று கேட்டாள். துணி என்றேன்.

அக்டோபர் 23, திங்கள். ஆயுத பூஜை

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நேற்றோடு கூரை நன்றாகக் காய்ந்துவிட்டது. பூஞ்சை போய், புதுக் கித்தான் போல வெளுத்து நின்றது. மிச்சமிருந்தது தண்ணீர் ஒட்டாத பூச்சு ஏற்றுவது மட்டும்தான். கழுவிக் காய்ந்து பூச்சு ஏறாத பருத்தித் துணி பச்சைப் பிள்ளை மாதிரி. எது பட்டாலும் குடித்துவிடும். இது எனக்குத் தெரியும். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

கடைக்குப் போய்த் திரும்பினால், சரோஜினி பூஜையை முடித்துவிட்டிருக்கிறாள். என் கார், ஸ்கூட்டர், மிக்சி, கிரைண்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு. வழக்கம்தான். ஹெரால்டுக்கு மட்டும் முன்னால் இல்லை, கண்ணாடியில் இல்லை. கூரையின் நட்ட நடுவில், கை அகலத்துக்கு மூன்று பட்டை. சந்தனம் தீர்ந்துபோய்விட்டதாம். மஞ்சளைக் குழைத்து இழுத்திருக்கிறாள்.

"யாரைக் கேட்டு வெச்ச?"

"பூசைக்கு யாரைங்க கேக்கறது?"

"பானட்ல வெக்கறது! இரும்புல வெச்சாத் தொடைச்சா போயிரும். துணியில வெப்பாங்களா? மஞ்சளை?"

அவள் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாள் என்று இப்போது தோன்றுகிறது. நான் பேசிக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். துவைக்கிற கல்லின் மேல் சோப்புக் கட்டி இருந்தது. எடுத்தேன், நனைத்தேன், தேய்த்தேன். மஞ்சள் ரத்தச் சிவப்பாகப் பொங்கியது. மூன்று பட்டையும் ஒன்றாகக் கலந்து, தாம்பாளம் அளவுக்குப் பரவி நின்றது.

மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும். இதற்குப் படிப்பு வேண்டாம். இந்த நாட்டில் கல்யாண வீட்டுக்குப் போய்வந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். நான் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைவனாக இருந்தவன்.

எல்லாம் அவள் மஞ்சளை வைத்ததால் வந்தது.

அக்டோபர் 24, செவ்வாய்

விஜயதசமி. பேசவில்லை. அவளும் பேசவில்லை. சாப்பாடு மேஜைக்கு வந்தது.

சாயங்காலம் அவளாகவே ஷெட்டுக்கு வந்தாள். கறையைப் பார்த்தபடி நின்றாள்.

"உச்சியிலதான் வெக்கணுமுன்னு தோணுச்சுங்க" என்றாள்.

"காருக்கு ஏது உச்சி?"

"காருக்கு இல்லீங்க, உங்கண்ணனுக்கு. மாமாவுக்குத் தலையிலதானே வந்துச்சு. ரத்தக் கொழாய் அடைச்சது தலையிலதானுங்களே. அவரு தலைமேல இருந்த துணி இது. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போகட்டுமுன்னு வேண்டிக்கிட்டு வெச்சேன்."

நான் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி முடித்த பிரஷ்தான்.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றேன்.

"எங்கீங்க சொல்ல உட்டீங்க?"

அக்டோபர் 25, புதன்

வேதியியல் எளிமையானது. காரத்துக்கு அமிலம். வினிகர் வாங்கப் போக வேண்டுமே என்று நினைத்தபோது, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள் கண்ணில் பட்டன. பூஜைக்கு வைத்தவை. என் கார் மேலே ஏறி நசுக்கிய பழங்களைக் காக்காய் கொண்டுபோய்விட்டது. ஹெரால்டை யாரும் எடுக்கவில்லை. ஓட்டுகிறவர் இல்லை. நான்கு பழமும் வைத்தது வைத்தபடி இருந்தன.

எடுத்து வெட்டினேன். சரோஜினி பதறினாள். "சாமிக்கு வெச்சதுங்க அது. சக்கரத்துல நசுங்கணும், கத்தி படலாமுங்களா?"

"கண்ணேறுதானே போகணும்? இதுலயே போகட்டும்."

சாற்றைத் தண்ணீரில் நிறையக் கலந்து, பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். தேய்க்கவே இல்லை. சிவப்பு பின்வாங்கி மீண்டும் மஞ்சளானது. பிறகு தண்ணீர், மறுபடி தண்ணீர். கறை வெளுத்தது. போகவில்லை. இனி அதை எடுக்க வெயிலால்தான் முடியும். மஞ்சளால் சூரியனிடமிருந்து தப்ப முடியாது. இதை எந்தக் கடைக்காரனும் சொல்ல மாட்டான், ஏனென்றால் வெயிலைப் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது.

கடைசி வரி நன்றாக இருக்கிறது. கட்டுரையில் சேர்க்கலாம்.

அக்டோபர் 27, வெள்ளி

மேகமூட்டம். கோயமுத்தூருக்கு என்ன வந்தது? வேண்டாதபோதெல்லாம் மண்டையைப் பிளக்கிற வெயில்.

அக்டோபர் 30, திங்கள்

வெயில். காரை வெளியே தள்ளி நிறுத்தினேன். நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே இருந்தேன், புறாக்களை நம்ப முடியாது. எதிர்வீட்டுக்காரர், "ஏனுங்க, காருக்கு வத்தல் காவலா?" என்றார். இந்த ஆளைப் பற்றியும் ஒரு நாள் எழுத வேண்டும்.

மாலைக்குள் கறை பாதியாக வெளுத்தது. தாம்பாளம் சின்னத் தட்டானது.

நவம்பர் 2, வியாழன்

கறை இப்போது ஒரு ரூபாய் நாணயம் அளவு. மிக மெல்லிய மஞ்சள். தெரிந்து பார்த்தால்தான் தெரியும். இன்னும் இரண்டு நாள் வெயிலில் விட்டால் அதுவும் போய்விடும். விடவில்லை. அதிக வெயில் துணிக்கு நல்லதல்ல, நூல் நொய்ந்துவிடும். காரணம் அவ்வளவுதான். சரோஜினி பார்த்துவிட்டு, "இருக்கட்டுமுங்களா?" என்றாள். "நூல் நொய்ஞ்சிரும்" என்றேன். "ஆமாங்க, நொய்ஞ்சிரும்" என்றாள்.

இன்று பூச்சு. மில்லில் கூடாரத் துணிக்கு அடிக்கிற அதே வகைதான். மெல்லியதாக ஒரு முறை நீளவாக்கில், அது காய்ந்தபின் ஒரு முறை குறுக்குவாக்கில். தடிமனாக ஒரே முறை அடித்தால் திட்டுத்திட்டாக நிற்கும். கண்ணாடியிலும் பெயின்ட்டிலும் பட்டால் பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும் என்பதால், கூரைக்குக் கீழே சுற்றிலும் காகிதம் ஒட்ட வேண்டும். வீட்டில் செய்தித்தாள் எல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போய்விட்டது. அலமாரியில் குழு இதழ்கள் ஒரு கட்டு இருந்தது. முதல் இதழிலிருந்து எல்லாமே இருக்கின்றன. தூக்கிப் போட நேரம் கிடைக்காததால் இருக்கின்றன.

ஒட்டி முடித்து எட்ட நின்று பார்த்தால், கார் முழுக்க அண்ணன் மீசையை முறுக்கிக்கொண்டு சிரிக்கிறார். முன் கண்ணாடியில் வரிசையாகச் சிரிக்கிறார். கதவிலும் சிரிக்கிறார். எல்லாமே ஒரே படம், ஆள் நாற்பது வயதில் எடுத்தது. வேறு படம் கொடுக்கவே இல்லை.

அடித்து முடிக்கிறவரை அந்தச் சிரிப்புக்கு நடுவேதான் வேலை செய்தேன். சில பக்கங்களைப் படிக்க வேண்டியிருந்தது. கண்ணுக்கு முன்னால் இருந்தால் படிக்காமல் என்ன செய்வது? பேட்டரிக் கட்டுரையில் நான் எழுதியதைவிட அவர் வெட்டியது சுருக்கமாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு கட்டுரையில் மட்டும்.

நவம்பர் 4, சனி

லூர்துசாமி இரண்டு முறை ஃபோன் செய்தார். திங்கட்கிழமைக்குள் கட்டுரையைத் தபாலில் போட்டுவிட வேண்டுமாம். கம்ப்யூட்டரில் அனுப்பினால் தனக்கு எழுத்து உடைகிறது, தாளில் எழுதி உறையில் போட்டே அனுப்புங்கள் என்றார். போட்டோவையும் உறையில் வையுங்கள் என்றார்.

எழுதி முடித்துவிட்டேன். முழு விவரமும் இருக்கிறது. தூசி, எச்சம், நனைத்தல், அலசல், காய வைத்தல், ஈரத்தோடு மடக்கக் கூடாது என்ற எச்சரிக்கை, பூச்சு, சோதனை. ஒரு பிழை கிடையாது. படித்துப் பார்த்தேன். சரோஜினியிடம் கொடுத்தேன்.

"எல்லாம் சரியாத்தானுங்க இருக்குது" என்றாள்.

"அப்புறம்?"

"மருந்துச் சீட்டுப் படிக்கற மாதிரி இருக்குதுங்க. மாமா எழுதுனா மூணு வரிக்கு ஒருக்காச் சிரிப்பு வரும்."

"இது காரு. கிச்சுக்கிச்சு மூட்டறதுக்கு இல்ல."

"நீங்க கேட்டீங்க, சொன்னேன்."

மஞ்சள் விஷயத்தைச் சேர்த்தால் என்ன என்று உட்கார்ந்து யோசித்தேன். சேர்த்தேன். "பூஜைப் பொருள்களால் ஏற்படும் கறைகள்" என்று தலைப்புப் போட்டேன். அதுவும் மருந்துச் சீட்டாகத்தான் வந்தது.

நவம்பர் 5, ஞாயிறு

ஹெரால்டை ராமநாதபுரத்துக்கு ஓட்டிப் போனேன். பூச்சு காய்ந்ததா என்று காற்றோட்டத்தில் பார்க்க வேண்டியிருந்தது. அதோடு, என் ஷெட் எனக்கு வேண்டும். காரை ஒப்படைத்துவிட்டு வருவதுதான் திட்டம்.

அண்ணன் போர்ட்டிகோவில் நாற்காலியில் இருந்தார். மீசை இல்லை. ஷேவ் செய்ய வசதியாக எடுத்துவிட்டார்களாம். வாய் இடது பக்கம் இழுத்திருந்தது. வலது கை, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி மடியில் கிடந்தது.

என்ன பேசுவதென்று தெரியவில்லை. தெரியாதபோது நான் தொழில்நுட்பம் பேசுவேன். இதுதான் துணி, இப்படித்தான் கழுவினேன், இன்ன பூச்சு, இத்தனை முறை என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார். இடது கையைத் தூக்கி ஒரு இடத்தைக் காட்டினார். அந்த ஒரு ரூபாய் மஞ்சள். தெரிந்து பார்த்தால்தான் தெரியும் என்று எழுதியிருந்தேன். இவருக்குத் தெரியாமலே தெரிந்துவிட்டது.

"சரோஜினி வேலைங்கண்ணா" என்றேன். "சொல்றேன்."

முதலில் தண்ணீர்ச் சோதனை. அண்ணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் ஊற்றப் போனேன். அவர் இடது கையை நீட்டினார். அண்ணியும் நானுமாகத் தாங்கிப் பிடித்துக் கார் பக்கத்தில் நிறுத்தினோம். ரொம்ப இளைத்திருக்கிறார். சொம்பு ஆடியது. பாதித் தண்ணீர் என் சட்டையில். மீதி கூரையில் விழுந்து, சேம்பு இலையில் விழுந்த மாதிரி முத்து முத்தாக உருண்டு, ஓரத்துக்கு ஓடிக் கொட்டியது. துணி நனையவே இல்லை. இன்னொரு சொம்பு வேண்டும் என்று தலையை ஆட்டினார். ஊற்றினார். அதற்கு மேல் அண்ணி விடவில்லை.

உட்கார வைத்தபின், சட்டைப் பையில் தற்செயலாக இருந்த கட்டுரையை எடுத்துப் படித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். சோப்புக் கட்டியை எடுத்துத் தேய்த்த இடம் வந்ததும் கண்ணைத் திறந்தார். "காரத்தன்மையின் காரணமாகக் கறை செந்நிறம் அடைந்தது" என்று படித்தேன்.

அவர் மார்பு குலுங்கியது. மூச்சு முட்டுகிறதோ என்று எழுந்தேன். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போராடியது.

"ஆ..." என்றார். "ஆ... ர..."

"அரளி? அரைச்சதா? என்ன வேணுமுங்க?" என்று அண்ணி பதறினார்.

எரிச்சலோடு தலையை ஆட்டினார். அந்த எரிச்சல் அப்படியே பழையது. இடது கையைத் தூக்கி, காரைக் காட்டி, காற்றில் வட்டமாக மூன்று சுற்றுச் சுற்றினார்.

"ஆ... ரத்தி."

பிறகு சிரித்தார். சத்தம் வரவில்லை, ஒரு பக்கம் மட்டும்தான் சிரித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்று மாதத்தில் இப்படி ஒரு சொல்லை முழுசாகச் சொன்னதில்லை என்று அண்ணி சொல்லிவிட்டு, காப்பி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனார். காப்பி வர ரொம்ப நேரமானது.

நான் கிளம்பும்போது என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நின்றேன். சொல்லவில்லை. அந்தப் பட்டப்பெயரைத்தான் சொல்லவில்லை. நல்லதுதான். கேட்டுக் கேட்டு வெறுத்துப்போன பெயர்.

காரைத் திரும்ப என் ஷெட்டுக்கே ஓட்டி வந்துவிட்டேன். அவர்கள் போர்ட்டிகோவில் புறா இருக்கிறது.

நவம்பர் 6, திங்கள்

காலையில் கட்டுரையைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். பாதியாக வெட்டினேன். "பூஜைப் பொருள்களால் ஏற்படும் கறைகள்" என்ற தலைப்பு போனது. அந்த இடம் இப்போது இப்படி இருக்கிறது:

"பூசையன்னிக்குக் கூரையில மஞ்சப் பூசீட்டாங்க. நம்ம டெஸ்டிங்கு இருக்கானே, பெரிய படிப்புப் படிச்சவன், துணியில பாவு எது ஊடு எதுன்னு கண்ணை மூடீட்டுச் சொல்லுவான். சோப்புக் கட்டிய எடுத்து ஒரு தேய் தேச்சான் பாருங்க. கூரையெல்லாம் செவ செவன்னு ஆயிருச்சு. கல்யாணமான நாளா என்னோட ஹெரால்டுக்கு யாரும் ஆரத்தி எடுத்ததில்ல. அந்தக் கொறையும் தீந்துதுங்க."

எழுதி முடித்ததும் சரோஜினியிடம் கொடுத்தேன். படித்தாள். இரண்டு முறை சிரித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அடியில உங்க பேரைப் போடலீங்களா?" என்றாள்.

கையில் பேனா இருந்தது. தாளின் அடியில் இடமும் இருந்தது.

சிரிக்காத முகத்தோடு எடுத்த அந்தப் போட்டோ மேஜை டிராயரில் இருக்கிறது. பாஸ்போர்ட் புதுப்பிக்க உதவும்.

பெயர் போடாமல் போனால் லூர்துசாமி என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். மீசை வைத்த அந்தப் பழைய படத்தை எடுத்து ஒட்டி, அடியில் வழக்கமான பெயரைப் போடுவார். ஃபோன் செய்து கேட்டால், அண்ணன் சொன்னது, நான் எழுதியது என்பேன். அதில் பொய் எதுவும் இல்லை. கட்டுரையில் தப்பு ஏதாவது இருந்தால் அதுவும் அவர் தலையிலேயே விழட்டும். இத்தனை வருஷம் பாராட்டு யாருக்குப் போனது?

கீழே ஒன்றும் எழுதவில்லை. உறையை ஒட்டிவிட்டேன். மழை வருகிற மாதிரி இருக்கிறது. நனைவதற்குள் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன்.